கையை எடுக்கிற மச்சாள்

எதையாவது நிறுத்த வேண்டுமென்றால் மச்சாள் கையை எடுத்துவிடுவார். நாங்களெல்லாம் இதற்கு நேர்மாறு. சைக்கிள் வேகமாக ஓடினால் பிறேக்கை இறுக்கிப் பிடிப்போம். மாடு திமிறினால் கயிற்றை இறுக்கிப் பிடிப்போம். கோபம் வந்தால் எதிரே நிற்பவனின் சேட்டுக் கொலரை இறுக்கிப் பிடிப்போம். மச்சாள் மட்டும் கையை எடுத்து, நெஞ்சுக்கு முன்னால் கட்டிக்கொண்டு, இனி என்ன நடக்கிறதென்று பார்த்துக்கொண்டு நிற்பார்.

பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் எங்கேயிருந்தாலும் கேட்டுவிடுவார். என் மனைவியின் மூத்த அக்கா. எனக்கும் அவருக்கும் ஒரே வயது. குருநகரில் ஒரே ஒழுங்கையில் புழுதி குடித்து வளர்ந்தோம். அவரின் தங்கச்சியைக் கட்டிய பிறகு நான் மரியாதையாக 'நீங்கள்' என்று மாறிக்கொண்டேன். அவர் பழைய 'வாடா, போடா'வை அப்படியே வைத்துக்கொண்டார். முன்பு சும்மா ஏசினவர் பிறகு உரிமையோடு ஏசினார், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடற்கரையில் அவர்களுக்கு ஒரு போட் திருத்துகிற வாடி இருந்தது. மேட்டிலிருந்து கடலுக்குள் இறங்கும் இரண்டு தண்டவாளம், அதன்மேல் இரும்புச் சில்லு பூட்டிய ஒரு வண்டில், அந்த வண்டிலை இழுக்க மேட்டில் கம்பி சுற்றுகிற ஒரு வின்ச். ஓட்டை விழுந்த போட்டை வண்டிலில் ஏற்றி மேலே இழுப்போம். ஓட்டையை அடைத்து, தார் பூசி, திரும்பக் கடலுக்குள் இறக்குவோம். வின்ச்சை உடைந்துபோன ஒரு ட்றோலரிலிருந்து கழற்றி வந்து பூட்டியவர் மச்சாளின் புருசன். பூட்டிவிட்டு அவர் வெளிநாட்டுக் கப்பலில் வேலைக்குப் போய்விட்டார். வின்ச் மச்சாளோடு நின்றுவிட்டது. இரண்டில் ஒன்றுதான் நிற்கும் என்றால் மச்சாள் இதைத்தான் கேட்டிருப்பார் என்று நான் சொல்வதுண்டு. சொல்லிவிட்டு ஓடிவிடுவேன்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. வாடியில் என் வேலை என்னவென்று எனக்கும் சரியாகத் தெரியாது. ஏச ஒரு ஆள் வேண்டும், அந்த இடத்தில் நான் இருந்தேன்.

வின்ச்சை முதல்முதல் பார்த்த அன்று அதைச் சுற்றிச் சுற்றி வந்து தேடினேன்.

"மச்சாள், உதுக்குப் பிறேக் எங்கை?"

"உள்ளுக்கை."

"காலாலை மிதிக்கிறதோ, கையாலை இழுக்கிறதோ?"

"ரெண்டும் இல்லை. அது தானாப் பிடிக்கும்."

நான் சிரித்தேன். மச்சாள் சிரிக்கவில்லை. உடுப்புக் கொடியிலிருந்து ஒரு கிளிப்பைக் கழற்றி என் கையில் தந்தார்.

"உதை நசி."

நசித்தேன். கிளிப் வாயைத் திறந்தது. என் மற்றக் கையின் சின்ன விரலைப் பிடித்து அந்த வாய்க்குள் வைத்தார்.

"இப்ப விடு."

விட்டேன். கவ்வியது.

"நசிக்கிறது எண்ணெய். கவ்வுறது ஸ்பிறிங். விளங்கிச்சோ?"

"நோகுது மச்சாள்!"

"அப்ப விளங்கியிருக்கு."

விரல் வீங்கிப் படித்த பாடம் மறக்காது. எஞ்சின் பம்பைச் சுற்றும். பம்ப் எண்ணெயைத் தள்ளும். லீவரைத் தள்ளினால் அந்த எண்ணெய் குழாய் வழியே மோட்டருக்குப் போய்க் கம்பி சுற்றிய உருளையைச் சுழற்றும். அதே எண்ணெயில் கொஞ்சம் ஒரு மெல்லிய குழாயால் பிரிந்து பிறேக்குக்குப் போகும். பிறேக்குக்குள்ளே தோசை அடுக்கினதுபோல வட்டத் தகடுகள். ஒன்றுவிட்டு ஒன்று உருளையோடு சேர்ந்து சுற்றுகிறவை, மற்றவை வெளிக்கூட்டோடு சேர்ந்து அசையாமல் நிற்கிறவை. பலமான ஸ்பிறிங்குகள் எல்லாவற்றையும் ஒன்றாக நெரித்தபடியே இருக்கும். எண்ணெய் வந்து ஸ்பிறிங்கை அமுக்கினால்தான் தகடுகள் இளகும், உருளை சுற்றும். லீவரிலிருந்து கையை எடுத்தால் அது தானாக நடுவுக்கு வந்துவிடும். எண்ணெய் தாங்கிக்குத் திரும்பி ஓடிவிடும். ஸ்பிறிங் கவ்விவிடும். எஞ்சின் செத்தாலும் கவ்வும், குழாய் வெடித்தாலும் கவ்வும். இறக்கும்போது போட் தன் பாரத்தில் பம்பை முந்திக்கொண்டு ஓடப் பார்த்தாலும், எண்ணெயின் அழுத்தம் விழுந்து கவ்வும். அதன் பிறவிக் குணம் நிற்பது. அதை ஓடவைக்கத்தான் யாராவது பாடுபட வேண்டும்.

எனக்கும் அதே குணம்தான். உள்ளே கொஞ்சம் கள்ளு இறங்கினால்தான் என் தகடுகள் இளகும். இதை மச்சாளிடம் சொன்னேன். மற்ற விரலைக் கேட்டார்.

பிறேக் தானாகப் பிடிக்கும் என்று ஊருக்குச் சொன்ன மச்சாள், அதை ஒருநாளும் சும்மா நம்பியதில்லை. எந்தப் பாரமென்றாலும் முதலில் ஒரு சாண் இழுப்பார். கையை எடுப்பார். உருளையிலும் பக்கத்துச் சட்டத்திலும் நேராக ஒரு வெள்ளைச் சோக்குக் கோடு கீறியிருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்வார். ஆமென் வரைக்கும் கோடு அசையாமல் நின்றால்தான் அடுத்த வேலை.

ஒருமுறை சாவகச்சேரி மரவியாபாரி ஒருவரின் லொறி கரைச் சேற்றில் புதைந்துவிட்டது. நெற்றி நிறைய விபூதியோடு வந்தவர், வின்ச்சுக்கு முன்னால் ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு முணுமுணுப்பதைப் பார்த்துப் பொறுமையிழந்துவிட்டார்.

"பிள்ளை, செபம் எப்ப முடியும்?"

"அவசரமெண்டால் நீங்கள் ஒரு தேவாரம் சொல்லுங்கோ ஐயா. அதுக்கும் இந்தளவு நேரந்தான் செல்லும்."

மனுசன் உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினார். நல்ல குரல். ஒன்றோடு நிற்கவில்லை. மூன்றாவது தேவாரத்தில் லொறிச் சாரதி தலையில் கைவைத்துக்கொண்டு குந்திவிட்டான். கோடு அசையவில்லை. மச்சாள் கடைசி வரி வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் லீவரைத் தொட்டார்.

"கையை எடு, பாப்பம்" என்பது அவரின் வாயில் எப்போதும் கிடக்கிற பேச்சு. வின்ச்சுக்கு மட்டுமில்லை, மனிதருக்கும் அதுதான். மச்சாளின் மூத்த மகளைப் பெண் கேட்டு ஒரு அம்மா வந்தா. பெடியன் லண்டனில். மச்சாள் தேத்தண்ணீர் வைத்துவிட்டு, எதிரே இருந்து, கையைக் கட்டிக்கொண்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெடியன் நல்ல பிள்ளை" என்றா அந்த அம்மா.

மச்சாள் பேசவில்லை.

"சிகரெட் மட்டும் இடைக்கிடை."

மச்சாள் பேசவில்லை.

"குளிர்நாடுதானே, கொஞ்சம் குடியும் பழகிட்டான்."

மச்சாள் ஒருதரம் கண் இமைத்தார், அவ்வளவுதான்.

"முந்தி ஒரு பிள்ளையோடை பேச்சு நடந்ததுதான். அது பெரிசா ஒண்டுமில்லை. கலியாண எழுத்து மட்டுந்தான் முடிஞ்சது."

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றார் மச்சாள்.

அவ போன பிறகு நான் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தேன். "மச்சாள், கோடு மூண்டு அங்குலம் அசைஞ்சிட்டுது." அன்றைக்குத்தான் அவர் விழுந்து விழுந்து சிரித்து நான் பார்த்தது.

என்னையும் விடவில்லை. ஒருநாள் ஏழுபேர் சேர்ந்து ஒரு பெரிய வேப்பங்குத்தியைத் தோளில் சுமந்து வந்தோம். எல்லாரையும்விட நான்தான் அதிகமாக முக்கினேன். மச்சாள் வழியை மறித்தார்.

"ஒவ்வொருத்தராக் கையை எடுங்கோ, பாப்பம்."

முதல் ஆள் விலக, மரம் ஒரு பக்கம் சாய்ந்தது. திரும்பப் பிடித்துக்கொண்டான். அடுத்தவன் விலக, மற்றவர்கள் "ஐயோ" என்றார்கள். என் முறை வந்தது. நான் விலகினேன். மரத்துக்கு அந்தச் செய்தியே தெரியாது. நான் தாங்கினதாக நினைத்துக்கொண்டிருந்த ஆள் நானொருவன்தான்.

இனித்தான் இலுப்பெண்ணெய்க் கதை.

அது போரால் குடாநாட்டுக்குச் சாமான்கள் வராத தடைக் காலம். டீசல் இல்லை, மின்சாரம் இல்லை, பற்றறி இல்லை. வாடி எஞ்சின் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடியது. கார்த்திகை மாதம் வின்ச்சின் பழைய குழாய் ஒன்று வெடித்து, பாதி எண்ணெயை மணல் குடித்துவிட்டது. குழாயை எப்படியோ ஒட்டிவிட்டோம். எண்ணெய்க்கு எங்கே போவது? திருநெல்வேலியில் உழவு இயந்திரம் திருத்துகிற ஒருவரிடம் ஒரு கலன் இருப்பதாகக் கேள்வி. மச்சாள் ஒரு வெறுங் கலனையும், அவருக்குக் கொடுக்க ஒரு கட்டு நல்ல பாரைக் கருவாட்டையும் தந்து என்னைச் சைக்கிளில் அனுப்பினார்.

"வேறை எண்ணெய் ஒண்டும் வேண்டாம். வின்ச்சுக்கு விடுற எண்ணெய்தான் வேணும். விளங்கிச்சோ?"

"எண்ணெய் எண்டால் எண்ணெய்தானே மச்சாள்."

"விளங்கேல்லை" என்றார்.

போனேன். மனுசன் வீட்டில் இல்லை. நாளைக்கு வரச் சொன்னார்கள். வெறுங் கலனோடு திரும்பிப் போய் ஏச்சு வாங்க எனக்கு விருப்பமில்லை. வழியில் ஒரு செக்கு. அங்கே கோயில் விளக்குக்கு விடுகிற இலுப்பெண்ணெய். மஞ்சளாக இருந்தது, தொட்டால் வழுக்கியது. வேறென்ன வேண்டும்? செக்குக்காரர் சைவப்பழம். கருவாட்டைக் கண்டதும் "இண்டைக்கு வெள்ளியில்லைத்தானே?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு, கலனை நிரப்பித் தந்தார்.

அன்று வாடியில் தார் காய்ச்சிய நாள். ஒருவருக்கும் மூக்கு வேலை செய்யவில்லை. உச்சி வெயிலில் ஊற்றினேன். வின்ச் பாட்டுப் பாடிக்கொண்டு இழுத்தது.

"நல்ல எண்ணெய்தான்ரா கொண்டுவந்திருக்கிறாய்" என்றார் மச்சாள்.

என் வாழ்க்கையில் அவர் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல்தரம். வாயைத் திறந்து அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு கிழமை வெயிலும் எறித்தது, வின்ச்சும் இழுத்தது, நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

பிறகு மார்கழி வந்தது.

சூசை அண்ணையின் மூன்றரைத் தொன் போட் வேலை முடிந்து மேட்டில் நின்றது. எரிபொருள் இல்லாததால் எஞ்சினைக் கழற்றிவிட்டு, மாச்சாக்குகளைத் தைத்துப் பாய் கட்டியிருந்தார். அன்று காலைக் கடற்பெருக்கில் இறக்கினால்தான் போட் மிதக்கும். தவறினால் அடுத்த பெரிய பெருக்குக்கு இரண்டு கிழமை. இடையில் பாலன் பிறக்கிற நத்தார். வீட்டில் ஆறு பிள்ளைகள்.

விடிந்த கையோடு கூடிவிட்டோம். பல் கிட்டுகிற குளிர். எஞ்சின் வழக்கத்தைவிட அதிகமாக முனகியது. "அதுக்கும் குளிருது" என்று நான் பகிடி விட்டேன். மச்சாள் வண்டிலை ஒரு சாண் மேலே இழுத்து, சில்லுக்கு வைத்திருந்த ஆப்புகளை எடுப்பித்து, கையை எடுத்தார். 'அருள்' என்று தொடங்கமுன் நிற்கவேண்டிய கோடு, ஊர்ந்து ஊர்ந்து, பாதிச் செபத்தில்தான் நின்றது. வண்டில் நாலு விரல் இறங்கிவிட்டது.

"கட்டையைப் போடுங்கோ! கீழை ஒருத்தரும் நிக்க வேண்டாம்!"

பெடியள் இரண்டு சிலீப்பர் கட்டைகளைச் சில்லுக்குக் கீழே தள்ளினார்கள். மச்சாள் மெதுவாக இறக்க, முழுப் பாரமும் கட்டைகளில் குந்தியது.

"ஸ்பிறிங் களைச்சுப் போச்சு. இல்லாட்டித் தகடு தேஞ்சுபோச்சு. பிறேக்கைத் திறந்துதான் பாக்கவேணும்" என்றார் மச்சாள்.

பிறேக்குக்குள்ளே எண்ணெயை அடைத்து வைத்திருக்கிற ஒரு றப்பர் வளையம் உண்டு. பழையது. கழற்றினால் கிழியும். கிழிந்தால் குடாநாடு முழுக்கத் தேடினாலும் வேறொன்று கிடைக்காது. அதோடு வின்ச் இரும்புக் குப்பை, வாடி வெறும் மணல். மச்சாளுக்கு இது எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே ஸ்பானரை எடுத்தார்.

வண்டில் ஏன் ஊர்ந்ததென்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்த வின்ச்சுக்குள் புதிதாகப் போன சாமான் எதுவென்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

"மச்சாள், திறக்காதேங்கோ. உதுக்குள்ளை நான் விட்டது இலுப்பெண்ணெய்."

வாடியே வெடித்துச் சிரித்தது.

"திரியும் போட்டனியோடா?"

"ஐயருக்குச் சொல்லி விடு, பூசைக்கு வரட்டும்!"

"அந்தோனியாராணை, உண்மை!" என்று கத்தினேன். இன்னும் சிரித்தார்கள். போன மாதம் கடற்கன்னியைக் கண்டதாகவும் இதே அந்தோனியாரில்தான் சத்தியம் செய்திருந்தேன்.

சிரிக்காதவர் மச்சாள் மட்டும். ஸ்பானரைக் கீழே வைத்தார். கையைக் கட்டிக்கொண்டார். என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். லண்டன் பெடியனின் தாயின் நிலைமை அப்போதுதான் எனக்கு விளங்கியது. மெக்கானிக் வீட்டில் இல்லாதது, செக்கு, தார் காய்ச்சிய நாள் எல்லாம் தானாக வெளியே வந்தது. கேட்காமலே, கருவாட்டில் இரண்டு துண்டை வழியில் சுட்டுத் தின்றதையும் சொல்லிவிட்டேன்.

மச்சாள் எண்ணெய்த் தாங்கியின் மூடியைத் திறந்து ஒரு தடியை விட்டு எடுத்தார். தடியில் உறைந்த நெய்போலக் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. சிரித்தவர்களின் வாய் மூடிவிட்டது.

"பிறேக்கிலை பிழையில்லை" என்றார். முகம் கொஞ்சம் இளகியது. "எண்ணெய் இறுகிப்போய் அந்த மெல்லிய குழாயாலை திரும்பிப் போகுதில்லை. உள்ளுக்கை நிண்ட எண்ணெய் வெளியேறினால்தானே ஸ்பிறிங் கவ்வும்? சுடுதண்ணி கொண்டு வாங்கோ!"

தேத்தண்ணீர்க் கடையிலிருந்து கேத்தில் கொதிக்கக் கொதிக்க வந்தது. சூசை அண்ணையின் மனைவி சோற்றுப் பானையில் சுடுதண்ணீரோடு ஓடிவந்தா. குழாய்க்கும் தாங்கிக்கும் சாக்குச் சுற்றி, ஊற்றினோம், ஊற்றினோம். வாடி முழுக்கக் கோயில் மணம். அரைமணித்தியாலத்துக்குப் பிறகு மச்சாள் இழுத்து, கையை எடுத்துப் பார்த்தார். 'அருள்' வரமுன் கோடு நின்றது. மூன்றுதரம் பார்த்தார். மூன்றுதரமும் நின்றது. திரும்பக் கட்டைகளில் குந்தவைத்தார்.

இனி, போட்டைத் தூக்கிப் பிடித்தபடி, யாராவது கீழே பூர்ந்து கட்டைகளை எடுக்க வேண்டும். அந்த நேரம் எல்லாப் பாரத்தையும் தாங்குவது பிறேக் மட்டும்தான். இரண்டு பெடியள் முன்னுக்கு வந்தார்கள்.

"ஒருத்தரும் வேண்டாம். என்ரை வின்ச். நான் போறன்."

"அப்ப லீவரிலை ஆர்?" என்றார் சூசை அண்ணை.

மச்சாள் என்னைக் காட்டினார்.

"உவனோ? உனக்கென்ன விசரே பிள்ளை!"

"அண்ணை, நீங்கள் எல்லாரும் வலை இழுத்த கையள். வழுக்கிற மாதிரித் தெரிஞ்சால் இறுக்கிப் பிடிப்பியள். லீவரை இறுக்கிப் பிடிச்சால் பிறேக் திறந்தபடிதான் நிக்கும், நான் கீழை. உவன் பயந்தால் விட்டிடுவான். உவனை மாதிரிச் சுகமாக் கையை விடுற ஆம்பிளை இந்தக் கரையிலை இல்லை."

அது ஏச்சா, புகழ்ச்சியா என்று யோசிக்க நேரமில்லை. லீவரைத் தள்ளினேன். வண்டில் கட்டைகளை விட்டு ஒரு சாண் ஏறியது.

"விடு!"

விட்டேன். விட்ட கை திரும்பப் போய்ப் பிடித்துவிடுமோ என்ற பயத்தில், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டேன், ஆமிக்காரன் துவக்கை நீட்டினால் நிற்பதுபோல. மச்சாள் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிலின் கீழே பூர்ந்தார். இடப்பக்கக் கட்டை இரண்டு அடியில் வந்தது. வலப்பக்கம் சேற்றில் இறுகிவிட்டது. சுத்தியல் சத்தம், பிறகு ஒரு கெட்ட வார்த்தை, பிறகு திரும்பச் சுத்தியல். மேலே மூன்றரைத் தொன். அதற்கும் அவருக்கும் இடையில் நான் வாங்கி வந்த எண்ணெய். ஒருதரம் கவ்விய பிறேக் பிறகு விடாது என்று என் சின்ன விரலுக்குத் தெரியும். ஆனாலும் நான் கோட்டைப் பார்த்தேன். கோட்டை மட்டும் பார்த்தேன்.

கட்டை முதலில் வெளியே வந்தது. அதன் பின்னால் மச்சாள், தலையிலிருந்து கால்வரை சேறு.

ஒன்றும் சொல்லாமல் வந்து, முழங்கையால் என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, லீவரைப் பிடித்தார். போட் மெல்ல மெல்ல இறங்கித் தண்ணீரைத் தொட்டு, ஒருதரம் தாழ்ந்து, மிதந்தது. சூசை அண்ணையின் பெடியள் கூச்சலிட்டார்கள். மாச்சாக்குப் பாய் காற்றைப் பிடித்தது. எல்லாரும் தண்ணீரை நோக்கி ஓடினார்கள்.

"டேய், இனிக் கையை இறக்கு. ஆமிக்காரங்கள் போயிட்டாங்கள்."

எனக்கும் இறக்க விருப்பம்தான். கை கேட்கவில்லை. அப்படியே மேலே நின்றது. மச்சாள் கிட்ட வந்து, என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, மெதுவாகக் கீழே இழுத்து விட்டார். பிடித்த அந்தக் கைகள் கிடுகிடென்று நடுங்கிக்கொண்டிருந்தன. நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

"என்ன பாக்கிறாய்? எண்ணெயே உறையிற குளிர். எனக்கு மட்டும் நடுங்கக்கூடாதோ?"

"ஓம் மச்சாள், சரியான குளிர்" என்றேன்.

வெயில் அதற்குள் நன்றாக ஏறி, எங்கள் இரண்டு பேருக்கும் நெற்றியால் வேர்வை வழிந்துகொண்டிருந்தது.